பல்வாங்கர் பாலூ: 1911 இங்கிலாந்துப் பயணமும் ஒரு தனிக்குவளையும்

2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. விசாரணைக்குச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அருகிலுள்ள இறையூரில் மேலும் இரண்டைக் கண்டனர். ஒன்று, தலித்துகள் உள்ளே செல்ல முடியாதிருந்த அய்யனார் கோயில். மற்றொன்று, தலித்துகளுக்கென்று தனிக்குவளை வைத்திருந்த தேநீர்க் கடை. ஆட்சியர் அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கடைக்காரர் மீது வழக்குப் பதிவாயிற்று.

அந்தத் தனிக்குவளைக்கு இந்திய விளையாட்டு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பூனா நகரின் கிரிக்கெட் திடலில், ஆட்டத்தின் இடைவேளையில் பத்துப் பேர் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்தினர். பதினோராமவருக்கு, குடித்தவுடன் உடைத்தெறியத்தக்க மண்குவளையில், பெவிலியனுக்கு வெளியே தேநீர் தரப்பட்டது. முகம் கழுவ வேண்டுமானால் தீண்டப்படாத வேலையாள் ஒருவர் திடலின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பகலுணவு தனித்தட்டில், தனி இடத்தில். அந்தப் பதினோராமவர்தான் அன்றைய ஆட்டத்தின் பெரும்பாலான விக்கெட்டுகளை வீழ்த்திக் கொண்டிருந்தவர். பெயர், பல்வாங்கர் பாலூ.

பாலூ 1876ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று தார்வாரில் பிறந்தார். குடும்பம் கொங்கணக் கரையைச் சேர்ந்தது. பல்வாங்கர் என்பது ஊர்ப்பெயரால் வந்த குடிப்பெயர். சாதி, தோல்வேலை சுமத்தப்பட்ட சமார். தந்தை இராணுவத்தில் பணிபுரிந்தார். தலித் குடும்பங்கள் பலவற்றிற்கு அக்காலத்தில் இராணுவப் பாளையமே சேரியிலிருந்து வெளியேறும் வாசலாக இருந்தது. அம்பேத்கரின் தந்தையும் அவ்வாசல் வழியே வந்தவர்தான். பூனாவின் பாளையப் பகுதியில், வெள்ளை அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலூவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பின்னர் விட்டல், கண்பத் என்னும் இளைய தம்பியர் இருவரும் அவர்களைப் பின்பற்றினர். நால்வருமே முதல்தர ஆட்டக்காரர்கள் ஆயினர்.

பாலூ கிரிக்கெட்டுக்குள் நுழைந்தது ஆட்டக்காரராக அன்று, கூலியாளாக. பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் அவர் வேலை. மாத ஊதியம் மூன்று ரூபாய். ஓய்வு நேரத்தில் உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவார். 1892 அளவில் வெள்ளையர்களின் பூனா கழகத்திற்கு மாறினார். ஊதியம் நான்கு ரூபாயாயிற்று. வலை கட்டுவது, கோடு போடுவது, களத்தைக் காப்பது எல்லாம் அங்கும் அவர் பொறுப்பே. ஆனால் அங்கே அவருக்கு ஜே. ஜி. கிரேக் என்ற இராணுவ அதிகாரி வாய்த்தார். அந்நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளை மட்டையாளர்களுள் மிகச் சிறந்தவர் அவர். நாள்தோறும் பிறர் வருமுன்பே வந்து பாலூவைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெற்றார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்பது பூனாவில் வழங்கிய செய்தி. மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்த இந்தக் கூலிவேலையில்தான் அவருடைய இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கழகத்தில் அவருக்கு ஒருநாளும் மட்டை பிடிக்க வாய்ப்புத் தரப்படவில்லை. பந்து வீசுவது உடலுழைப்பு. மட்டை பிடிப்பது கனவான்களின் கலை. சாதி அறியாத ஆங்கிலேயர் என்று நாம் அவர்களைப் புகழ்ந்துவிட முடியாது. வேலையைப் பிரிக்கும் முறை அவர்களிடமும் இருந்தது.

பூனாவின் இந்துக்கள் அப்போது ஐரோப்பியர்களைத் தோற்கடிக்கத் துடித்தனர். கையருகே ஓர் ஒப்பற்ற பந்துவீச்சாளர் இருக்கிறார். ஆனால் அவர் தீண்டப்படாதவர். சேர்ப்பதா, வேண்டாவா என்று இந்துக் கழகத்துக்குள் பிளவு உண்டாயிற்று. தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் சேர்க்க விரும்பினர். மராத்தியப் பார்ப்பனர்கள் சிலர் மறுத்தனர். கடைசியில் வென்றது சமத்துவ உணர்வு அன்று, வெற்றி வேட்கை. பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது என்ற உடன்பாட்டோடு பாலூ அணியில் சேர்க்கப்பட்டார். அதே தோற்பந்தைப் பத்து இந்துக்களும் கையில் வாங்கினர். அதில் தீட்டு ஒட்டவில்லை.

சதாராவின் வெள்ளையர் கழகத்தைப் பாலூவின் பந்துவீச்சு வீழ்த்திய பின், வென்ற அணியினர் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் நடத்தினர். மகாதேவ் கோவிந்த் ரானடே தலையிட்டு, சேர்ந்து ஆடுகிறவர்கள் சேர்ந்து உண்பதில் என்ன தடை என்ற பொருள்பட இந்து ஆட்டக்காரர்களைக் கண்டித்தார். இவை சீர்திருத்தத்தின் மைல்கற்களாகச் சொல்லப்படுகின்றன. யானை ஊர்வலத்துக்கும் மண்குவளைக்கும் நடுவில் அதிக நாள் இடைவெளி இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1896இல் பிளேக் நோய் பரவியபோது பாலூ பம்பாய்க்குச் சென்றார். இராணுவப் பணியிலும் பின்னர் இரயில்வேயிலும் இருந்துகொண்டு ஆடினார். பம்பாயில் அவருக்கு வாய்த்த திடல், அரசு வகுத்துக் கொடுத்த திடல். கடற்கரையோர நிலத்தை ஆங்கில அரசு பார்சிகளுக்கு ஒரு மனை, முஸ்லிம்களுக்கு ஒரு மனை, இந்துக்களுக்கு ஒரு மனை என்று ஜிம்கானாக்கள் அமைக்கப் பிரித்தளித்திருந்தது. தீண்டப்படாதோருக்கு மனை இல்லை. ஆகவே பாலூ நுழையக்கூடிய வாசல் இந்து ஜிம்கானாவின் வாசல் ஒன்றே. அரசு மதத்தை எண்ணும். சாதியை மதத்துக்குள் விட்டுவிடும். பாலூவின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கின் விளைவு என்று கூறினாலும் மிகையாகாது.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த ஆட்டம் அவரை நாடறியச் செய்தது. இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. வெற்றி 109 ஓட்டங்களில். இரண்டாம் இன்னிங்ஸில் ஐரோப்பியர் சரிந்ததற்குத் தலையாய காரணம் பாலூ. வங்கப் பிரிவினையை எதிர்த்து சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வெற்றி தேசத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. பம்பாயில் அணியினர் பாலூவோடு அமர்ந்து உண்ணத் தொடங்கியிருந்தனர். தாராள மனம் கொண்ட ஏடுகள் அதை இந்து சமூகத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாக எழுதின. பந்து வீசியவரின் கை, வீசாதவர்களின் பெருந்தன்மையாக மாறியது.

இந்தச் சூழலில்தான் இந்திய அணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சி மீண்டும் எழுந்தது. பார்சிகள் தனியாக 1886இலும் 1888இலும் சென்று வந்திருந்தனர். எல்லாச் சமூகத்தாரும் அடங்கிய அணியை அனுப்ப 1900களின் தொடக்கத்தில் நடந்த முயற்சி, எந்த மதத்தாருக்கு எத்தனை இடம் என்ற சண்டையில் முறிந்துபோனது. 1909க்குப் பிறகு அது உயிர்பெற்றதற்குக் காரணம் விளையாட்டு ஆர்வம் மட்டும் அன்று. 1908இல் முசாஃபர்பூரில் குண்டு வெடித்தது. அவ்வாண்டே திலகர் தண்டிக்கப்பட்டு மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். பம்பாயின் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1909 ஜூலையில் இலண்டனில் கர்சன் வைலியை மதன்லால் திங்க்ரா சுட்டுக் கொன்றார். டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார். இலண்டனில் படிக்கும் இந்திய மாணவர்கள் மீது அரசின் கண்காணிப்பு விழுந்தது. இந்தியன் என்றால் துப்பாக்கி ஏந்தியவன் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடம் பரவிவந்த வேளையில், மட்டை ஏந்திய இந்தியர்களைக் காட்டுவது பேரரசுக்கும் பயன்பட்டது, பேரரசோடு வணிகம் செய்தோருக்கும் பயன்பட்டது. செலவை மன்னர்களும் பம்பாயின் செல்வர்களும் ஏற்றனர். ஆட்சியாளர்களின் ஆசி கிடைத்தது. இவ்வளவு அரசியல் சுமந்த விளையாட்டுப் பயணம் அதற்குமுன் இந்தியாவிலிருந்து புறப்பட்டதில்லை.

அணித்தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது பத்தொன்பது. முழு ஆட்சியுரிமை கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. சுதேச மன்னர்கள் ஆங்கில அரசின் முகக்குறிப்பை நோக்கியே வாழ வேண்டியவர்கள் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மாலி பிங்க்கை மணந்தபோது ஆங்கில அரசு அத்திருமணத்தை ஏற்க மறுத்தது. 1922இல் ஆட்சிப் பொறுப்பை விட்டு விலகிய அவர், 1928இல் பாரிசில் இறந்தார். மன்னர்க்கே அவ்வளவுதான் உரிமை. பூபிந்தர் சிங்கும் தம் விசுவாசத்தை நிறுவ வேண்டிய நிலையில் இருந்தார். 1909இல் ஆரிய சமாஜத்தார் மீது பாட்டியாலா அரசு தேசத்துரோக வழக்குத் தொடுத்ததும் அந்த விசுவாசத்தின் ஒரு பகுதியே. ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடக்கும் கோடையில் கிரிக்கெட் அணியின் தலைவராக இலண்டனில் தோன்றுவது அவருக்கு நல்வாய்ப்பாக அமைந்தது.

அணித் தேர்வைப் பாருங்கள். ஆறு பார்சிகள், ஐந்து இந்துக்கள், மூன்று முஸ்லிம்கள், தலைவராக ஒரு சீக்கியர். 1909இன் மிண்டோ மார்லி சீர்திருத்தம் சட்டமன்றத்தில் மதவழியாக இடம் ஒதுக்கத் தொடங்கியிருந்தது; இரண்டே ஆண்டில் கிரிக்கெட் அணியும் அதே பாணியில் அமைந்தது. இந்துக்களின் ஐந்து இடங்களில் இரண்டு, பாலூவுக்கும் சிவராமுக்கும். மற்ற மூவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த விக்கெட் காப்பாளர் கே. சேஷாச்சாரி. பாலூ வீசிய பந்தைக் குச்சிகளுக்குப் பின்னால் நின்று பிடிக்க வேண்டியவர் அவர். மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ நடக்கக் கூடாத பரிமாற்றம் இங்கிலாந்தின் புல்வெளிகளில் நாள்தோறும் நடந்தது.

பாலூவை இந்து என்று எண்ணியது எவ்வளவு தற்செயலானது என்பதற்கு அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சான்று. கோயிலுக்குள் விடப்படாத, பார்ப்பனப் புரோகிதர் வராத சாதிகளை இந்துக்கள் என்று பதிவதா என்று கேட்டுக் கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் 1910இல் சுற்றறிக்கை அனுப்பினார். உயர்சாதித் தலைவர்கள் பதறினர். அதுவரை தீண்டத் தகாதவர்களாக இருந்தோர் திடீரென்று எண்ணிக்கைக்கு வேண்டியவர்களாயினர். நம் பக்கத்தில் அயோத்திதாசர், தம் மக்கள் இந்துக்கள் அல்லர், பூர்வ பௌத்தர்கள் என்று ‘தமிழன்’ இதழில் இடைவிடாது வாதாடிக்கொண்டிருந்தார். கணக்கெடுப்பு நடந்தது 1911 மார்ச்சில். பாலூ கப்பலேறியது சில வாரங்கள் கழித்து. அரசின் படிவத்தில் கேள்விக்குறியாக இருந்தவர், அரசின் ஆசி பெற்ற அணியில் ஐயத்திற்கிடமின்றி இந்து.

ஜூன் மாதம் ஆட்டங்கள் தொடங்கின. அம்மாதம் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அவருடைய சட்டைப்பையில் இருந்த கடிதம், ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையும், சனாதன தருமத்தின் அழிவையும், பசுவின் இறைச்சி உண்ணும் மிலேச்ச ஆட்சியையும் ஒரே மூச்சில் சாடியது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 22 அன்று, வெஸ்ட்மின்ஸ்டரில் அம்முடிசூட்டு விழா நடந்தேறியது. ஒரே மாதத்தில், ஒரே மன்னரை முன்னிட்டு, ஒரு பார்ப்பன இளைஞர் துப்பாக்கி எடுத்தார். ஒரு சமார் தொழிலாளி பந்தைக் கையில் எடுத்தார். முதலாமவரைத் தேசம் தியாகி என்று போற்றுகிறது. இரண்டாமவரின் பெயர் நம் பாடநூல்களில் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

அணி மோசமாகத் தோற்றது. மகாராஜா சில ஆட்டங்களில் மட்டும் ஆடிவிட்டு விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் போய்விட்டார். அணியின் மிகச் சிறந்த மட்டையாளரான மிஸ்த்ரி அவருடைய பணியில் இருந்தவர். எசமானோடு செல்ல வேண்டியிருந்ததால் அவரும் பல ஆட்டங்களில் இல்லை. 23 ஆட்டங்களில் 15 தோல்வி, 6 வெற்றி, 2 சமன். எஞ்சிய அணியை முப்பத்தைந்து வயதுப் பாலூ தூக்கிச் சுமந்தார். தோள்வலி அவரை வாட்டியது. மாற்றுப் பந்துவீச்சாளர் இல்லை. ஆகவே வலியோடு வீசினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்கள் கொடுத்து எட்டு விக்கெட்டுகள். லெஸ்டர்ஷயருக்கு எதிராக இரு இன்னிங்ஸிலும் சேர்த்து பதினொன்று. பயணத்தின் முதல் வெற்றி அதுதான். சாமர்செட்டுக்கு எதிராக ஒரே விக்கெட் வேறுபாட்டில் கிடைத்த வெற்றி, சிவராம் ஆட்டமிழக்காமல் அடித்த சதத்தால் வந்தது. பூனாவில் மட்டை மறுக்கப்பட்ட குடும்பத்தின் சதம் அது. பயணம் முடிந்தபோது பாலூவின் பெயரில் 114 விக்கெட்டுகள். சராசரி விக்கெட்டுக்கு 19 ஓட்டங்களுக்கும் குறைவு. இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் தொழில்முறை ஆட்டக்காரராகத் தங்கிவிட அவரை அழைத்தன என்றும் அவர் மறுத்துத் திரும்பினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

பணிவும் ஒற்றுமையும் உடைய இந்தியாவைக் காட்டுவதற்காக அனுப்பப்பட்ட அணி, அனுப்பியவர்கள் எண்ணாத ஒன்றைக் காட்டிவிட்டது. அந்த இந்தியாவில் எவரைத் தொடக் கூடாதென்று விதித்திருந்தார்களோ, அவரே அதன் முதல் உலகத்தர ஆட்டக்காரராக இருந்தார்.

திரும்பி வந்தவருக்கு முதல் மரியாதை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தது. பம்பாயில் அவர்கள் கூட்டம் கூட்டிப் பாராட்டினர். அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கருக்குப் பாலூ பெருமைக்குரிய முன்னோடி; பிற்காலத்தில் அவரைப் பாராட்டும் முயற்சிகளில் அம்பேத்கரும் பங்குகொண்டார். சேரிச் சிறுவர்கள் முன் நிறுத்திக் காட்டத்தக்க முதல் நாயகராகப் பாலூவே இருந்தார் என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம்.

விக்கெட்டுகள் குவிந்தன, தலைமை மட்டும் வரவில்லை. 1912இல் நாற்கோணப் போட்டியாக வளர்ந்த பம்பாய்த் தொடரில் இந்து அணிக்கு எம். டி. பாய் தலைவர். அவர் சாரஸ்வதப் பார்ப்பனர். இந்தப் பதவி பாலூவுக்கு உரியது என்று அவரே பொதுவெளியில் சொன்னார் என்பது அவருடைய நேர்மைக்கு அடையாளம்; தேர்வுக்குழுவின் மனத்தை அது அசைக்கவில்லை. 1920இல் பாலூ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். விட்டலுக்குத் தகுதியிருந்தும் தலைமை வேறொருவர்க்குச் சென்றது. தம்பியர் இருவரும் ஆட மறுத்து, காரணத்தைச் சாதி என்று வெளிப்படையாக அறிவித்து விலகினர். ஒத்துழையாமை இயக்கம் நாட்டில் தொடங்கிய அதே ஆண்டில் பல்வாங்கர் சகோதரர்கள் இந்து ஜிம்கானாவுக்கு ஒத்துழைக்க மறுத்தனர். அதன் பின்னரே சமரசம் ஏற்பட்டது: பாலூ துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், ஆட்டத்தின் நடுவே பாய் திடலை விட்டு வெளியேறி, சிறிது நேரம் பாலூ அணியை வழிநடத்தச் செய்தார். நாற்பத்து நான்கு வயதில், கடன் வாங்கிய தலைமை. முழுத் தலைமை 1923இல் விட்டலுக்குக் கிடைத்தது. அவர் அணி வென்றது. சகோதரர்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு படியும் மறுத்து நின்றதால் கிடைத்தது.

சர்வதேசப் போட்டிக்கு உழைக்கும் சாதியிலிருந்து ஒருவரை அனுப்பிவிட்டு, திரும்பியபின் அவரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திகைப்பது பழங்கதை அன்று. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து சென்ற சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. மாநில அரசு 15 இலட்சம் ரூபாய் பரிசளித்துத் தன் பக்கத்தைத் தெளிவாக்கியது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. நிலையான பயிற்றுநர் பணி கிட்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பறித்த பதக்கத்தை மீட்டுத் தருவதற்கு இந்திய விளையாட்டு அமைப்புகள் காட்டிய அக்கறையைத் தனியே ஆராயலாம்.

பாலூவின் பிற்காலம் நம்மில் பலருக்குச் சங்கடம் தருவது. 1932 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்து, தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கினார். கடற்கரையில் மனை தராத அரசு, நாற்பதாண்டு கழித்துச் சட்டமன்றத்தில் மனை தந்தது என்று அதைச் சொல்லலாம். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் போராடிப் பெற்ற உரிமை அது. எம். சி. ராஜாவைப் போலப் பாலூவும் கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். செப்டம்பர் 20இல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24இல் எரவாடாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டோர் பட்டியலில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா ஆகியோரோடு பாலூவின் பெயரும் உண்டு. எரவாடா பூனாவில்தான் இருக்கிறது. அவர் மூன்று ரூபாய்க்கு உருளை இழுத்த அதே நகரம்.

ஏன் அந்தப் பக்கம் நின்றார்? காங்கிரசின் மயக்கம் என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. பாலூ அறிந்த ஒரே வெற்றி, இந்து என்ற கூட்டத்துக்குள் புகுந்து, உள்ளேயிருந்து இடம் பிடுங்கியது. மண்குவளையிலிருந்து பீங்கான் கோப்பைக்கு, அங்கிருந்து துணைத்தலைமைக்கு, தம்பிக்குக் கிடைத்த முழுத் தலைமைக்கு என்று முப்பதாண்டில் அவர் கண்ட நகர்வு அந்த வழியில் வந்தது. அந்த வழி எல்லார்க்கும் திறக்கும் என்று நம்பினார். அவர் தவறியது இங்கேதான். பந்து வீசத் தெரிந்த தலித் ஒருவர் இந்துக்களுக்குத் தேவைப்பட்டார். ஏர் உழும் தலித்தும் மலம் அள்ளும் தலித்தும் அவ்வாறு தேவைப்படவில்லை, அவர்கள் ஏற்கெனவே கைவசம் இருந்தனர். 1935இல் இயோலாவில் இந்துவாக இறக்கமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோதும் பாலூ அதை எதிர்த்தே நின்றார்.

பூனா ஒப்பந்தத்தின் தேர்தல் முறை எப்படி இயங்கும் என்பதற்கு முதல் சான்றாகவும் பாலூவே ஆக்கப்பட்டார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில், தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் அவர். தலித் தலைவரைத் தோற்கடிக்கத் தலித் ஒருவரையே சாதி இந்துக்களின் வாக்கோடு நிறுத்தலாம் என்ற அம்பேத்கரின் அச்சம் கண்முன் நடந்தது. போட்டியிட அவர் விரும்பி முன்வரவில்லை என்றே தெரிகிறது. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலூ 11,225. இரண்டாயிரம் வாக்கு வேறுபாட்டில் இருவருமே ஒரு பேரிழப்பிலிருந்து தப்பினர் என்பேன்.

விளையாட்டில் அவர் விட்டுச் சென்றவை 33 முதல்தர ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள். ‘லகான்’ திரைப்படத்தில் வரும் கச்ரா பாத்திரத்தைப் பார்த்துப் பலர் பாலூவை நினைவுகூர்ந்தனர். அந்தப் பாத்திரத்துக்குச் சுழற்பந்து ஊனத்தால் தானாக வருகிறது. சேர்த்துக்கொள்ளும் பெருமை உயர்சாதி நாயகனுக்குப் போகிறது. பாலூவின் சுழற்பந்து ஆண்டுக்கணக்கான கூலியுழைப்பில் வந்தது.

விடுதலை பெற்ற இந்தியா விளையாட்டுப் பயணங்களை அறத்தின் தராசில் வைத்துப் பார்த்ததுண்டு. நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்து 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டியையே இந்திய அரசு விட்டுக்கொடுத்தது. சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த காலம். கோப்பை ஆட்டமின்றியே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. சரியான முடிவு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுக்கப்பட்ட முடிவு அது. 2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியை அங்கே பேசக் கூடாது, அது எங்கள் உள்விவகாரம் என்ற நிலையை இந்திய அரசு எடுத்தது. பிரிட்டோரியாவின் அரசும் நிறவெறியைத் தன் உள்விவகாரம் என்றே நெடுநாள் சொல்லிவந்தது.

பாலூ 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அவ்வாண்டு ஜூன் 1இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. பொது உணவு விடுதிகளில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பதை அதன் நான்காம் பிரிவு குற்றமாக்கியது. அச்சட்டத்தின் கீழ் பாலூ வாழ்ந்தது முப்பத்து மூன்று நாட்கள். இறையூர்த் தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்டெடுக்கப்பட்டது அதற்கு அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து.